வேன் கதவுக்குப் பொறுப்பு

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். மலேசியாவில், ரெங்கத்தைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் தாமான் என்கிற வீடமைப்புக் குடியிருப்புகளிலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்த் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு, மதியம் திரும்ப வீடு சேர்ப்பது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். வேனுக்குள் யாராவது சீட்டின் மேல் ஏறி நின்றால் நான் போடும் சத்தம் குளுவாங் டவுன் வரைக்கும் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். பிள்ளைகள் என்னிடம் பயப்படுவார்கள், அதே சமயம் என் தோளைப் பிடித்துத் தொங்கவும் செய்வார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கும்.

வேன் பழையது. பக்கவாட்டில் இழுத்துச் சாத்தும் கதவு, சின்னக் கைக்கு அசையாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் இறங்கிப் போய்க் கதவைத் திறந்து சாத்திக்கொண்டிருந்தால் பள்ளியில் மணி அடித்துவிடும். அதனால் எங்கள் பக்கத்து வேன்களில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கதவோரம் உட்கார வைத்துவிடுவோம். திறப்பது, சாத்துவது, சின்னதுகளை ஏற்றி இறக்குவது, கடைசியில் தலை எண்ணிப் பார்ப்பது எல்லாம் அந்தப் பிள்ளையின் பொறுப்பு. ஆள் சரியாக இருந்தால் அது "சுக்குப்!" என்று கத்தும். மலாயில் போதும் என்பதற்குச் சொல்லும் வார்த்தைதான். அதைக் கேட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் கியரைப் போட்டுவிடுவேன்.

அந்த வருஷம் என் கதவுக்காரி ஆறாம் ஆண்டில், அதாவது ஆறாம் வகுப்பில், படிக்கிற பெண். பள்ளியில் மாணவர் தலைவி. எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய ரெட்டைச் சடை, கசங்காத சீருடை, பெரியவர்களைக் கண்டால் தானாக வரும் வணக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு ஷூ கயிறு கட்டிவிடுவாள். ஒருவன் வாந்தி எடுத்தபோது அருவருக்காமல் துடைத்தாள். எனக்கு இரண்டும் பையன்கள். எனக்கென்று ஒரு மகள் இருந்தால் இவள் மாதிரி இருந்தால் போதும் என்று மாதா கோயிலில் முட்டி போட்டிருக்கும்போதுகூட நினைத்திருக்கிறேன்.

ஆண்டின் நடுவில் ஒரு புதுப்பிள்ளை வந்து சேர்ந்தாள். இரண்டாம் ஆண்டு. ஜோகூர் பாருவிலிருந்து இடம் மாறி, தோட்டத்து வீடொன்றில் குடிவந்த குடும்பம். அப்பா சிங்கப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். அம்மா குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இந்தச் சின்னவள் ஒல்லியாக, கண் மட்டும் பெரிதாக இருப்பாள். வேனில் ஏறினால் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொள்வாள். மதிய வெயிலில் மற்ற பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கி வழிவார்கள். இவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். கண்ணாடியில் எப்போது பார்த்தாலும் விழித்திருப்பாள்.

கொஞ்ச நாளிலேயே நான் ஒன்றைக் கவனித்தேன். எதைச் செய்வதற்கு முன்னும் அவள் கதவுக்காரியின் முகத்தைப் பார்த்தாள். நான் மிட்டாய் நீட்டினால் கை நீளாது, முதலில் பார்வை அந்தப் பக்கம் போகும். கதவுக்காரி தலையை ஆட்டிய பிறகுதான் வாங்குவாள். யாராவது ஜோக் அடித்து வேனே சிரித்தாலும் அப்படித்தான். பள்ளி விட்டதும் கடைசியாக வந்து ஏறுவதும் எப்போதும் அவள்தான்.

இதையெல்லாம் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பெரியவர்களுக்கு அடங்கி நடக்கிற பிள்ளை, நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். அவள் அம்மாவிடமே சொன்னேன்.

"தங்கமான பிள்ளைங்க உங்க பிள்ள. சொன்னா சொன்னத கேக்குது. இந்தக் காலத்துல எந்தப் பிள்ள லா அப்படி இருக்கு?"

அந்தம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"காலைல மட்டும் வயிறு வலிக்குது வயிறு வலிக்குதுன்னு ஒரே அழுகைக்கா. லீவு நாள்ல ஒன்னும் இல்ல."

"அது எல்லாப் பிள்ளையும் போடற நாடகந்தான். என் பெரியவன் போடாத நாடகமா?" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மதியம்தான் இதை எழுத வைக்கிறது. பள்ளி விடும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, எதிரே நிற்கிற ஆள் தெரியாத மழை. பிள்ளைகள் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூச்சல் போட்டபடி ஓடிவந்து விழுந்தடித்து ஏறினார்கள். கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "சுக்குப்!" என்று குரல் வந்தது. கிளம்பிவிட்டேன்.

முதல் நிறுத்தம் சின்னவளின் தோட்டம். நான் தாமானில் இருப்பதால் தாமான் பிள்ளைகளைக் கடைசியில் இறக்குவேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, செம்பனை லோரிகள் உழுதுபோட்ட செம்மண் பாதையில் மெல்ல ஊர்ந்து போய் நிறுத்தினேன். அம்மா குடையோடு நின்றிருந்தார். அந்த வாரம் இரவு ஷிப்ட் என்பதால் மதியத்தில் வீட்டில் இருந்தார். கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை.

அந்தம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, எங்க என் பிள்ள?"

இறங்கிப் போய் நானே சீட்டுக்கு அடியிலெல்லாம் பார்த்தேன். எட்டு வயதுப் பிள்ளை சீட்டுக்கு அடியில் எப்படி இருக்கும்? இருந்தாலும் பார்த்தேன்.

"ஏறுங்க" என்றேன். அந்தம்மா குடையை மடக்காமலே முன் சீட்டில் ஏறினார். மழைத்தண்ணீர் அவர் மடியெல்லாம் வடிந்தது. வண்டியைத் திருப்பினேன். பள்ளி அலுவலகத்துக்கு அவர் போன் போட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எண் தவறிப் போனது. நான் ஓட்டிக்கொண்டே கதவுக்காரியைக் கேட்டேன்.

"எண்ணுனியாடி நீ? எண்ணித்தான சுக்குப்ன்ன?"

கண்ணாடியில் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது.

"எங்க அவ? வாயத் தொறந்து சொல்லு!"

"டாய்லெட்ல, ஆண்டி."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அழுகைக்கு நடுவே ஒவ்வொன்றாக வந்தது. பள்ளி விட்டதும் சின்னவள் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். இவள் வந்து கூப்பிட்ட பிறகுதான் வெளியே வரலாம். அதற்கு முன்னால் வந்தால் வேனில் இடம் இல்லை, வேன் ஆண்டி அவளை ஏற்ற மாட்டார். இது எத்தனையோ நாளாக நடக்கிறது. மற்ற பிள்ளைகள் எல்லோரும் ஏறி முடித்ததும் இவள் போய்க் கூப்பிடுவாளாம். இன்று மழை.

"மறந்துட்டேன் ஆண்டி."

என் பெயரைச் சொல்லி மிரட்டியிருக்கிறாள். நான் ஏற்ற மாட்டேனாம். எனக்கு வந்த கோபத்தில் ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தேன், ஹாரன் அலறியது. பக்கத்தில் அந்தம்மா அழவில்லை. "வெரசா போங்கக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ரோட்டின் குறுக்கே தண்ணீர் ஓடியது, முன்னால் ஒரு செம்பனை லோரி ஆமை வேகத்தில் போனது, முந்த முடியவில்லை. பூட்டிய பள்ளி, மழை, இடி, உள்ளே ஒரு குழந்தை. வேறு எதுவும் என் தலையில் இல்லை.

பள்ளி கேட்டில் காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பெரியவரிடம் வேன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினோம். கழிப்பறை, கண்டீனுக்குப் பின்னால் தனியாக இருக்கிறது. தகரக் கூரை. மழைச் சத்தத்தில் நம் குரல் நமக்கே கேட்காது. கடைசி அறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கீழ் இடுக்கில் இரண்டு சின்ன ஷூ தெரிந்தது.

நான் கதவைப் படபடவென்று தட்டினேன். "ஏய் கண்ணு! வேன் ஆண்டி வந்திருக்கேன்! தொற!"

ஷூ இரண்டும் பின்னால் நகர்ந்து சுவரை ஒட்டிக்கொண்டன. என் சத்தம் அவளை இன்னும் ஒடுக்கியது எனக்குப் புரிந்தது, ஆனால் கையை நிறுத்த முடியவில்லை. அந்தம்மா என்னை விலக்கிவிட்டுக் கதவில் முகத்தை வைத்தார்.

"அம்மாடா. அம்மா வந்துட்டேன். தாழத் தொறந்துட்டு வா."

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அக்கா இன்னும் கூப்பிடலம்மா."

பெற்ற தாய் கூப்பிட்டும் இப்படியொரு பதில். அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. எனக்கு ரத்தம் கொதித்தது. வேனுக்கு ஓடிப்போய்க் கதவுக்காரியின் கையைப் பிடித்து மழையில் இழுத்துக்கொண்டு வந்தேன்.

"கூப்பிடு! நீதான் கூப்பிடணுமாமே, கூப்பிடுடி!"

அவள் விக்கி விக்கி அழுதாள். வாயைத் திறந்தாள். அதற்குள் யாரோ எங்களுக்கு நடுவில் வந்து நின்றார்கள். ஆலோசனை டீச்சர், பிள்ளைகளின் மனக்குறைகளைக் கேட்பதற்கென்று பள்ளியில் இருக்கிறவர். ஏதோ வேலையாக ஆசிரியர் அறையில் தங்கியிருந்தவர் என் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார். சின்ன வயசு, பள்ளிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. சீருடையை மாட்டிவிட்டால் ஆறாம் ஆண்டில் உட்காரவைக்கலாம் என்று நானே கேலி பேசியிருக்கிறேன்.

"வேணாங்க்கா. இவள கூப்பிட வைக்காதீங்க."

"டீச்சர், நீங்க சும்மா இருங்க. பிள்ள உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு! இவ ஒரு வார்த்த சொன்னா வந்துரும்!"

"வந்துரும். அதான் வேணாங்கறேன். இன்னிக்கு இவ குரலுக்கு வெளிய வந்தா, நாளைக்கும் இவ குரலுக்குத்தான் வரும். நீங்க, நான், அம்மா யாரு கூப்பிட்டாலும் வராது."

"அப்ப கதவ ஒடைங்க!"

"ஒடைச்சா இன்னும் பயந்துரும். அது கைதான் தொறக்கணும்."

எனக்கு அந்தப் பெண்ணை அறையலாம் போல இருந்தது. படித்த பேச்சைப் பேசுகிற நேரமா இது? நான் திரும்பி அந்தம்மாவைப் பார்த்தேன். அவர் சொல்வதுதான் முடிவு. அவர் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஈரத் தரையில், கதவை ஒட்டி, அப்படியே உட்கார்ந்தார்.

கதவுக்காரியை டீச்சர், தன்னோடு ஓடிவந்திருந்த ஒரு ஆசிரியையிடம் ஒப்படைத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். திரும்பி வந்து தானும் தரையில் உட்கார்ந்தார். நான் மட்டும் நின்றேன். எனக்கு உட்காரத் தெரியவில்லை.

அந்தம்மா கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் கையை நுழைத்தார். உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து வைத்தார். வெளியே வா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மீன் பொரித்து வைத்திருக்கிறேன், பூனை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது, அப்பா வெள்ளிக்கிழமை வந்துவிடுவார், உன் மஞ்சள் சட்டை இன்னும் காயவில்லை என்று பேசிக்கொண்டே போனார். வீட்டில் அடுப்படியில் நின்று பேசுகிற மாதிரியே பேசினார். குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. ஆனால் அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழை குறைந்து, கூரைச் சத்தம் ஓய்ந்து, வடிகால் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. ஒரு வார்த்தை, அந்தப் பெரியவளின் ஒரு வார்த்தை போதுமே, இந்த வேதனை முடிந்துவிடுமே என்று திரும்பத் திரும்பத் தோன்றியது. ஷூ இரண்டும் மெல்ல மெல்லக் கதவை நோக்கி வந்தன. அந்தம்மா பேச்சை நிறுத்தினார். உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை அவர் விரல் ஒன்றைப் பிடித்தது.

"அக்கா திட்டாதாம்மா?"

"திட்டாது."

"வேன் போயிருச்சா?"

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் குனிந்தேன். அப்போதுதான் எனக்கும் தரையில் உட்கார முடிந்தது.

"போகலடா. ஒனக்காக திரும்பி வந்திருக்கு" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

தாழ் நகர்ந்தது. உடைக்காமல், யாரும் கட்டளை போடாமல், அவளே திறந்தாள்.

மறுநாள் தலைமையாசிரியர் அறையில் இரண்டு பிள்ளைகளின் பெற்றோரும், டீச்சரும், நானும் உட்கார்ந்தோம். கதவுக்காரியின் அம்மா முதலில் நம்பவில்லை. "எம்பிள்ள ஒரு எறும்பக்கூட மிதிக்காது" என்றார். அதுவரை நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். கடைசியில் அவரும் அழுது, தன் பிள்ளையைப் பள்ளிச் சபையில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்கிறேன், இரண்டும் கைகுலுக்கிக்கொள்ளட்டும், முடிந்துவிடும் என்றார். எங்கள் பள்ளிகளில் அதுதானே வழக்கம். டீச்சர் அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. கைகுலுக்கச் சொன்னால் சின்னவள் குலுக்கிவிடுவாள், சொன்னதைச் செய்துதானே இந்த நிலைமைக்கு வந்தது என்றார். தலைமையாசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். அன்றிலிருந்து பள்ளி விட்டதும் கழிப்பறைப் பக்கம் ஒரு ஆசிரியர் நிற்கிறார். வேன் பிள்ளைகள் கண்டீன் முன்னால் வரிசையாக நின்று வருகிறார்கள். டீச்சர் இரண்டு பிள்ளைகளையும் வாரத்தில் ஒருநாள் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

பெரியவளை என் வேனிலிருந்தே இறக்கிவிடத்தான் நினைத்தேன். டீச்சர்தான் கேட்டார்: "அப்புறம் பள்ளிக்கு எப்படிக்கா வரும்? வீட்டுல படிப்ப நிப்பாட்டிருவாங்க." அதனால் முன் சீட்டில், என் பக்கத்தில் உட்கார வைத்தேன். கதவு இனி என் வேலை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி நானே திறக்கிறேன், நானே எண்ணுகிறேன். அதற்காகக் காலையில் இன்னும் சீக்கிரமாகக் கிளம்புகிறேன். என் வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும்.

பெரியவள் என்னோடு பேசவே இல்லை. நானும் வாயை அடக்கிக்கொண்டேன், எனக்கு அது லேசான காரியமில்லை. ஒருநாள் எல்லோரும் இறங்கிய பிறகு அவளைக் கேட்டேன்.

"ஏன் அப்படி செஞ்ச? நெஜமா சொல்லு. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அது கேட்டுச்சு ஆண்டி. நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சு."

சொன்னதைக் கேட்கிற தங்கமான பிள்ளை என்று சின்னவளின் அம்மாவிடம் நான் சொன்னது ஞாபகம் வந்தது. வேறெதுவும் கேட்காமல் பெரியவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன்.

சின்னவள் அதற்குப் பிறகும் வேனில் வந்தாள். அவள் அம்மாதான் தைரியமாக அனுப்பினார். ஆனால் ஒவ்வொரு மதியமும், நான் எண்ணி முடித்துக் கதவைச் சாத்தப் போகிற நேரத்தில், பையைக் கட்டிப்பிடித்தபடி கேட்பாள்.

"ஆண்டி, என்ன எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன்டா."

எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சலிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் குத்தியது. மற்ற பிள்ளைகள் கேலி பண்ணப் பார்த்தார்கள், நான் போட்ட ஒரு சத்தத்தில் அடங்கிவிட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, என் பதிலைக் கேட்டுவிட்டு, வீடு வரும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பாள்.

பள்ளி விடுமுறைக்குக் கொஞ்சம் முன்பு ஒரு மதியம், நல்ல வெயில். எண்ணிக்கொண்டே வந்தேன். அவளிடம் வந்ததும் கேள்விக்காக நின்றேன். கேள்வி வரவில்லை. பை மடியிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, தலை ஜன்னலில் சாய்ந்திருக்க, வண்டி கிளம்புவதற்கு முன்பே அவள் தூங்கிப்போயிருந்தாள்.

நான் பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினேன். அவளை எழுப்பிவிடாமல், கதவை மெல்ல இழுத்துச் சாத்தினேன்.